மரத்தடியில் யாரையும் உட்கார வைக்காதே

அன்புள்ள சேகர்,

நீ உன் மாமா வீட்டுக்குப் போனதிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே இரண்டு பேருக்கும் மைதானக் குரல் வந்துவிடுகிறது. அடுத்த வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்துகிறார்கள். எழுதினால் நான் சத்தம் போடுவது உனக்குக் கேட்காது. உன்னால் குறுக்கே பேசவும் முடியாது.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் உனக்கு வேலை கொடுத்த பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று, சோற்றைப் பிசைந்தபடியே நீ சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மைதானம் என்று காட்டிய இடத்தில் வேலிகாத்தான் முள் ஆளுயரம் நிற்கிறது என்றாய். முள் இல்லாத இடத்தில் யாரோ வேர்க்கடலை காயப் போட்டிருந்தார்கள் என்றாய். தலைமையாசிரியர் உன்னை வரவேற்று, ஒரு பந்தையாவது காட்டுவார் என்று நீ எதிர்பார்த்திருக்க, மேசைக்கு அடியிலிருந்து பிரம்பை எடுத்துக் கையில் கொடுத்து, "டிரில் மாஸ்டர் வந்துட்டாரு, இனிமே பசங்க அடங்குவானுங்க" என்றாராம். டைம்டேபிளில் மற்ற பாடங்களையெல்லாம் மையால் எழுதியிருந்தார்கள், உன் பாடத்தை மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார்கள் என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாய். "எவனுக்கு வேணுமோ அவன் அழிச்சிட்டு எழுதிக்கலாம்மா" என்றாய்.

மறுநாளே உன் மாமா வந்தான். கூடப் பிறந்தவன், உன் மேல் உயிரையே வைத்திருப்பவன். கும்மிடிப்பூண்டியைச் சுற்றிப் புதிது புதிதாக எழும்பும் கம்பெனிகளில் ஒன்றில் அவனுக்கு ஆள் தெரியும். "டிரில் வாத்தியாரு வேலைல இன்னாடா கீது? வெயில்ல நின்னுக்கினு விசில் ஊதணும். கம்பெனில டைம் ஆபீஸ்ல குந்த வெக்கிறேன், ஃபேன் காத்து, கேன்டீன்ல நாஷ்டா" என்று உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. இந்த வேலையில் வெயில் இருக்கிறது, விசில் இருக்கிறது, மற்ற ஆசிரியர்களின் இளக்காரம் இருக்கிறது. ஆனாலும் நீ திங்கட்கிழமை ஆர்.கே.பேட்டைக்குத்தான் போகவேண்டும் என்று நினைக்கிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் மீதிக் கடிதம்.

நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராகச் சேர்ந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. கடைத்தெருவில் உன் அப்பா தையல் மிஷின் போட்டிருந்த கடையில், சாயங்காலம் ஒட்டுத்துணிக் குவியல் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாய். அதனால் பாதி உனக்கு நினைவிருக்கும், பாதி தெரியாது. ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வலை போடுகிறவர்களின் பிள்ளைகளும், வயல்வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும், கொஞ்சம் கடைத்தெருப் பிள்ளைகளும் படித்த பள்ளிக்கூடம். எனக்கும் முதல் நாள் பிரம்புதான் கிடைத்தது. வாசலில் நின்று, தாமதமாக வருகிறவர்களை ரெண்டு போடச் சொன்னார் தலைமையாசிரியர். வாங்கிக்கொண்டேன். நேராக ஆசிரியர் அறைக்குப் போய் அலமாரி மேல் கை எட்டாத இடத்தில் போட்டேன். கேட்டபோதெல்லாம் "மேல இருக்கு சார்" என்பேன். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார். பிரம்பு பிடித்த கையால் பந்து போட்டால் எந்தப் பிள்ளையும் ஓடிவந்து பிடிக்காது. பயந்து ஒதுங்கும். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். சண்டை போடாதே, வாங்கிக்கொள், ஆனால் தூக்கிப் போட்டுவிடு.

அதைவிடக் கஷ்டமாக இருந்தது இன்னொன்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டம் என்பதே தண்டனை. வீட்டுக்கணக்குப் போடாதவன் மைதானத்தை இத்தனை சுற்று ஓடவேண்டும், செய்யுள் ஒப்பிக்காதவள் வெயிலில் நிற்கவேண்டும். மைதானம் என்றாலே பிள்ளைகளுக்கு அவமானத்தின் ஞாபகம்தான் வரும். நான் ஒவ்வொரு ஆசிரியரிடமும் போய், "ஓடச் சொல்லித் தண்டிக்காதீங்க சார், அது என் பாடம்" என்று கேட்டேன். கணக்கு வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப தப்பு பண்ணவனை இன்னா பண்றது? உங்க பாடத்துல ஃபெயிலானவனுக்கு என் கணக்கைத் தண்டனையாக் குடுங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "அப்படிக் குடுத்தா உங்களுக்குக் கோபம் வருமா வராதா சார்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரையும் ஓட விடவில்லை. மற்றவர்களை நிறுத்த இரண்டு வருஷம் ஆனது. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்போது மரத்தடிக்கு வருகிறேன். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய புங்கமரம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பெண்களுக்கு டிரில். அந்த ஒரு பீரியடைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அன்று எல்லாப் பெண்களும் வரிசையாக வந்து அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்ப்பாள், பூத்தையல் போடுவாள், அரட்டை அடிப்பாள். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அதை அப்படியே விட்டிருந்தார்கள். எழுந்து வாருங்கள் என்றால் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வாரம் ஆனது. சாந்தி என்று கடைத்தெருப் பெண் ஒருத்தி, உயரமாக, துறுதுறுவென்று இருப்பாள். அவள்தான் காதருகே வந்து சொன்னாள். "ஓடுனா பாவாடை தூக்குது டீச்சர். கட்டை மதில்மேல பசங்க குந்திக்கினு கீறானுங்க."

இவ்வளவுதான் விஷயம். நான் அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தார். "உள்ளார போட்டுக்கிற மாதிரி முழங்கால் வரைக்கும் நிக்கர் தெச்சுடலாம். மேல பாவாடை அப்படியே கெடக்கட்டும். ஆனா அளவு எடுக்க நான் வரக்கூடாது, நீ எடுத்துக்கினு வா" என்றார். கடையில் மிச்சம் கிடந்த ஒட்டுத்துணியிலெல்லாம் தைத்தார். ஒரு கால் காக்கி, ஒரு கால் நீலம், இடுப்பில் பூப்போட்ட சீட்டித்துணி. நீ படுத்திருந்த குவியல் கரைந்துபோனது, வெறும் தரையில் படுக்க மாட்டேன் என்று நீ அழுதாய். அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் அவற்றை உள்ளே போட்டுக்கொண்டு முதல்முறையாக எழுந்து ஓடினார்கள். யாரோ தன் காக்கிக் காலைக் காட்டினாள், இன்னொருத்தி பூவைக் காட்டினாள், ஓடுவதை விட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்துத் தரையில் விழுந்தார்கள். நான் படித்த உடற்பயிற்சிப் புத்தகத்தில் இந்த நிக்கரைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் எழுந்து வராததற்கு இப்படி ஒரு சின்னக் காரணம் இருக்கும். பசியாக இருக்கலாம், கிழிந்த டவுசராக இருக்கலாம், காலில் ஆணியாக இருக்கலாம். சோம்பேறிகள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேள்.

சாந்தியின் அப்பா மறுவாரமே வந்துவிட்டார். அரிசி மண்டி வைத்திருந்தவர், வாசலில் நின்றபடியே, "பொம்பளப் புள்ளைய ஓட உடறியாமே? நாளைக்கு அத்த எவன் கட்டுவான்?" என்று கத்தினார். நான் பதிலுக்குக் கத்தவில்லை. "மதில்மேல பசங்க உட்காராம நான் பாத்துக்கிறேன். நீங்க ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்னு பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொன்னா அவளை அனுப்ப வேணாம்" என்றேன். அவர் வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பாதி நேரம் நின்றார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லாததையே நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

எல்லாப் பெண்களும் எழுந்துவிட்ட பிறகு மரத்தடியில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். அவள் பெயர் மங்கா. குப்பத்துப் பெண். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடதுகால் சூம்பிப்போயிருந்தது. நடக்கும்போது இடது உள்ளங்கையால் முழங்காலுக்கு மேலே அழுத்திக்கொண்டு, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள். முன்பு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவளும் அவர்களில் ஒருத்தியாக இருந்தாள். இப்போது எல்லோருடைய சாப்பாட்டுத் தூக்கையும் பையையும் காவல் காத்துக்கொண்டு தனியாக இருந்தாள். மற்றவர்களுக்கு நான் செய்த நல்லது அவளை இன்னும் தனியாக்கிவிட்டது.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அவள் கழுத்தில் விசிலை மாட்டி, "நீதான் நடுவர், நீதான் கணக்கு சொல்லணும்" என்றேன். பெரிய காரியம் செய்ததாகப் பெருமையாகக்கூட இருந்தது. அவளும் ஒழுங்காக ஊதினாள். அடுத்த வாரம் விசிலைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"எனக்கு இது வேணாம் டீச்சர்."

"ஏம்மா? நல்லாத்தானே ஊதுற?"

"இதுவும் மரத்தடிதான் டீச்சர். விசிலோட குந்திக்கினு கீறேன், அவ்ளோதான்."

"உனக்கு என்ன வேணும்?"

"வெளாடணும்."

சேகர், அன்றிலிருந்து எந்த விளையாட்டைப் பார்த்தாலும் அவளை அதற்குள் நிறுத்திப் பார்ப்பேன். கோகோவில் முடியாது. எறிபந்தில் இரண்டு கையும் வேண்டும், இவளுடைய ஒரு கை காலுக்குப் போய்விடுகிறது, கையை எடுத்தால் விழுந்துவிடுவாள். இப்படியே ஒரு மழைக்காலம் போனது. ஒருநாள் பெண்கள் ரிங் ஆடிக்கொண்டிருந்தார்கள். உனக்குத் தெரிந்ததுதான், ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறியும் ஆட்டம். சாந்தி அவசரத்தில் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். நான் விசில் ஊதினேன். "தப்பு! ஒரு கையாலதான் பிடிக்கணும், அதே கையாலதான் எறியணும். இன்னொரு கை வளையத்துல படக்கூடாது" என்று கத்தினேன். எத்தனையோ தடவை கத்திய வாக்கியம். அன்றைக்குத்தான் அது என் காதிலேயே விழுந்தது. இன்னொரு கைக்கு இந்த ஆட்டத்தில் வேலையே இல்லை. அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். முழங்கால் மேல் இருக்கலாம்.

அந்த நிமிஷமே மங்காவை எழுப்பி வலைக்குப் பின்னால் நிறுத்தினேன். முதல் வளையம் அவள் நெற்றியில் பட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் கீழே விழுந்தன. அதற்கு அடுத்ததைப் பிடித்தாள். பிடித்து எறிந்தாள் பார், வலையைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மதிலையும் தாண்டிப் போய் விழுந்தது. படகில் கழி ஊன்றித் தள்ளிப் பழகிய கை. இரட்டையர் ஆட்டமாக ஆடினால் முன்பக்கம் ஓடிப் பிடிக்க ஒருத்தி போதும், பின்பக்கத்தை இவள் நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வாள். சாந்தி தானாக வந்து, "நான் அவ கூட ஆடறேன் டீச்சர்" என்றாள். பள்ளிக்கூடத்தில் இருந்ததே ஒரு வளையம்தான். மற்றதைப் பழைய படகுக் கயிற்றைச் சுற்றி, மேலே சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டிச் செய்தோம். வலைக்கு எங்கே போவது என்று கேட்காதே, குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் வலைக்கா பஞ்சம்?

அவளுடைய அம்மா எல்லம்மாவைப் பார்க்க ஒரு சனிக்கிழமை மணலில் நடந்து குப்பத்துக்குப் போனேன். ஏரியிலிருந்து வந்த இறாலை வகை பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதுக்குக் கால் வராது டீச்சரம்மா. சின்னதுல ஜொரம் வந்து இஸ்துக்கிச்சு. அத்தப் போயி ஏன் நடு மைதானத்துல நிக்க வெக்கிற? நாலு பேரு பாத்து சிரிக்கவா?"

"நானா நிக்க வைக்கலம்மா. விளையாடணும்னு அவதான் கேட்டா."

எல்லம்மாவின் கை நின்றது. "அதுவா கேட்டுச்சு?"

"ஆமாம்மா."

"ஊட்டுல ஒண்ணும் கேக்காதே அது" என்றார். நான் கிளம்பும்போது ஒரு கை இறாலை இலையில் கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு நம் வீட்டில் இறால் குழம்பு. நீ இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டாய்.

ஆடி மாதம் திருவள்ளூரில் பள்ளிகளுக்கு இடையே போட்டி வைத்தார்கள். ரிங் இரட்டையருக்கு மங்காவையும் சாந்தியையும் எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் பெயரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நம்ம ஸ்கூல்ல கால் நல்லா இருக்கிற பொண்ணே இல்லையா? ஊர் சிரிக்கும்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பரீட்சை முடிவு ஒன்றுதான் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றும் என்று நம்பியவர். நான், "இவங்கதான் சார் நல்லா ஆடறாங்க. வேற ஜோடியை அனுப்பினா அது பொய்யாயிடும்" என்றேன். கடைசியில் கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு. ஜெயித்தால் பேசலாம். தோற்றால் அந்த வெள்ளிக்கிழமைப் பீரியட் எஸ்.எஸ்.எல்.சி. ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விடும். பெண்களுக்கு டிரில் கிடையாது. பயமாக இருந்தது சேகர். எல்லாப் பெண்களுடைய பீரியடையும் ஒரு பெண்ணின் ஆட்டத்தின் மேல் வைக்கலாமா என்று குழம்பினேன். ஆனால் அவளை மாற்றிவிட்டு அந்தப் பீரியடை வைத்துக்கொண்டு நான் யாருக்கு என்ன சொல்லித் தருவது? சரி சார் என்றேன்.

பெரியபாளையம் வழியாகப் பஸ். ஆடி என்பதால் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸுக்குள்ளும் மேலேயும் தொங்கியது. எல்லம்மாவும் எங்களோடு ஏறியிருந்தார். மகளைப் பஸ்ஸில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டுப் பெரியபாளையத்தில் இறங்கி அம்மனைக் கும்பிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. பெரியபாளையத்தில் பஸ் நின்றது, கூட்டம் முழுக்க இறங்கியது. அவர் இறங்கவில்லை. "இறங்கலையாம்மா?" என்றேன். "திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம். ஆத்தா எங்க போயிடப் போறா" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

எதிரணியில் வெள்ளை கான்வாஸ் ஷூ போட்ட டவுன் பெண்கள். நம் பெண்கள் வெறுங்கால். மங்கா முழங்காலை அழுத்தியபடி களத்துக்குள் வந்ததுமே ஒரு சிரிப்பு எழுந்தது. எதிரணி ஆசிரியை நடுவரிடம் போய், "இந்தப் பொண்ணை எப்படி ஆடவிட முடியும்? எங்க பொண்ணுங்களுக்குப் பாவமா இருக்காதா?" என்று கேட்டார். நடுவர் வயதானவர். விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "ரூல் எல்லாம் கையைப் பத்தித்தாம்மா இருக்கு. காலைப் பத்தி ஒண்ணும் இல்லை. ஆடட்டும்" என்றார்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். மங்கா எறிந்தது எங்கே வந்து விழும் என்றே அவர்களுக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் வந்தவர்கள் அதைப் பார்த்து வைத்திருந்தார்கள். வளையத்தையெல்லாம் அவளுடைய இடதுபக்க ஓரத்துக்கே போட்டார்கள். எட்டிப் பிடிக்கப் போய் அவள் விழுந்தாள். கொல்லென்று ஒரு சிரிப்பு கூட்டத்திலிருந்து வந்தது. நான் ஓடப்போனேன். எல்லம்மா என் புடவையைப் பிடித்து இழுத்துவிட்டார். "நீ போவாத டீச்சரம்மா. அதுவே எந்திரிக்கும்." பிடியை விடவில்லை. மங்கா முழங்கையை ஊன்றி, காலை இழுத்து, கையை முழங்காலில் வைத்து எழுந்தாள். மண்ணைத் தட்டக்கூட இல்லை, வளையம் வரட்டும் என்று நின்றாள். கூட்டத்தில் அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தோற்றோம். நன்றாகவே தோற்றோம். யாரும் எங்களை ஏமாற்றவில்லை, அவர்கள் நன்றாக ஆடினார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் மங்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, "இடதுபக்கத்துக்கு இன்னும் பழகணும் டீச்சர்" என்றாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் சொன்னபடியே செய்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மைதானம் காலியாக இருந்தது. எனக்கு ஆபீசில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் நகல் எடுக்கும் வேலை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் அறைக்குப் போய், "சார், அந்தப் பீரியட்" என்பேன். "பேச்சு பேச்சா இருக்கணும்மா" என்பார். மறு திங்கட்கிழமை திரும்பவும் போவேன். பிறகு ஒருநாள் காலை மணி அடித்தவுடன், மீன்கூடை தூக்கிய பெண்கள் ஒரு கூட்டமாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். எல்லம்மா முன்னால் வந்தார். கேட்டுக்கொண்டெல்லாம் வரவில்லை, நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் போய்க் கூடையை இறக்கினார்கள்.

"இன்னா சாரு, எங்க புள்ளைங்க வெளாட்றத நிறுத்திப்புட்டியாமே?"

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "தோத்துட்டாங்கம்மா. அதான்."

"தோத்தா இன்னா? எங்க ஆளுங்க தெனமும் ஏரில வலை போடறாங்க. மீனு வராத அன்னிக்கு வலையக் கொளுத்திப்புடறமா?"

வாசலில் கணக்கு வாத்தியார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் உள்ளே வந்து, "ஸ்பெஷல் கிளாஸை நான் சனிக்கிழமை எடுத்துக்கிறேன் சார், குடுத்துடுங்க" என்றார். தலைமையாசிரியர் துண்டுக்குள்ளிருந்தே, "சரி சரி, முதல்ல கூடையை வெளியே எடுங்கம்மா" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்கதானே இவங்களை அனுப்பினது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் உண்மை அதுதான். பீரியட் போய்விட்டது என்று மங்கா வீட்டில் சொல்லியிருக்கிறாள். வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

இதைப் பெரிய வெற்றிக்கதை என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இரண்டு பீரியட் வேண்டியிருந்தது, ஒன்றுதான் திரும்பி வந்தது. மங்காவின் கால் சரியாகவில்லை. அடுத்த வருஷமும் அவர்கள் கோப்பை வாங்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாவது முயற்சியில் தேறினாள், இப்போது உன் மாமா சொல்லும் அதே கம்பெனிகளில் ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். விளையாட்டு அவளுக்கு வேலை வாங்கித் தரவில்லை. சாந்தியின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அவள் அப்பா வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் பெண் ஓடியாடி வேலை செய்யுமா என்று கேட்டார்களாம். "அது ரிங்கே ஆடும், ஊட்டு வேலையா பெருசுன்னு சொன்னேன் டீச்சர்" என்று பெருமையாகச் சொன்னார். கட்டமாட்டான் என்று கத்திய அதே மனிதர்தான். பின்னே எதற்கு இத்தனை பாடு என்று நீ கேட்பாய். விளையாட ஆசைப்பட்ட பிள்ளைகள் விளையாடினார்கள். நம் வேலை அதுதான். மற்ற பாடங்களில் அவர்கள் நாளைக்கு என்ன ஆவார்கள் என்று பார்க்கிறார்கள். நாம் இன்றைக்கு இந்த வெயிலில் இந்த உடம்போடு இருக்கிற பிள்ளையைப் பார்க்கிறோம். கம்பெனியில் டைம் ஆபீசுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். அந்த முள்ளுக்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நீ போகாவிட்டால் இன்னொருவன் போவான், அவன் கையில் பிரம்பு தங்கிவிடும்.

போனவுடன் எல்லா முள்ளையும் வெட்டப் பார்க்காதே. ஒரு ரிங் களத்துக்கு வேண்டிய அளவு வெட்டு, அங்கே ஆட்டத்தைத் தொடங்கு. மீதியைப் பிள்ளைகளே வெட்டச் சொல்லி உன்னைப் பிடுங்குவார்கள். கடலை காயப் போடுகிறவரோடு சண்டைக்குப் போகாதே, எத்தனை மணிக்கு அள்ளுவார் என்று கேட்டு அதற்குப் பின்னால் உன் வகுப்பை வை. யாரையும் மரத்தடியில் உட்கார வைக்காதே, விசிலோடும் சரி, விசில் இல்லாமலும் சரி. ஒரு பிள்ளைக்கு எந்த ஆட்டமும் பொருந்தவில்லை என்றால் நீ இன்னும் தேடவில்லை என்று அர்த்தம். தோற்றுவிட்டு வந்தால் மறு திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறைக்குப் போ.

இங்கே எனக்கும் வேலை காத்திருக்கிறது. புதுக் கம்பெனி கட்டும் காண்டிராக்டர் ஒருவர், கேட்காமல் கொள்ளாமல், லாரி லாரியாகச் சிமெண்டுக் குழாய்களைக் கொண்டுவந்து நம் மைதானத்தில் இறக்கிவிட்டார். காம்பவுண்டுச் சுவர் கட்டித் தருகிறேன் என்று ஆசை காட்டியிருக்கிறாராம், இப்போதிருக்கும் தலைமையாசிரியர் பேசாமல் இருக்கிறார். எனக்கு ரிட்டயர்மெண்டுக்குக் கொஞ்ச காலம்தான் இருக்கிறது, விட்டுவிடு என்று உன் அப்பா சொல்கிறார். சொல்லிவிட்டு அவரே என் குடைக்குத் துணி மாற்றித் தைத்துக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் நான் அந்த ஆளைப் பார்க்க நடந்து போகிறேன். குழாயை எடுக்கும்வரை தினமும் போவேன். நீ அந்நேரம் ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் நடப்பேன்.

அன்புடன்,
அம்மா